ஒன்பதாம் படுக்கைக்கு ஒரு வண்டி

அத்தியாயம் 5

ஆஸ்பத்திரி நிர்வாகி எங்களை உட்காரச் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த காகிதத்தை மட்டும் எங்கள் பக்கம் தள்ளினார். போலீஸுக்கான புகார். டைப் அடித்து, சீல் வைத்து, கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்தது.

“நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள ‘விசாரிச்சோம், அவதான்’னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.”

என் தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால்.

“விசாரிக்காம எழுதுறதுக்கு டைப்பிஸ்ட்டே போதுமே சார். துப்பறியிறவ எதுக்கு?”

அவள்தான் துப்பறிவாளர். நான் அவளுடைய அண்ணன், ஆறு வயது மூத்தவன், அவளிடம் சம்பளம் வாங்கும் உதவியாளன். வீட்டில் நான் சொல்வதை அவள் கேட்க மாட்டாள். வேலையில் அவள் சொல்வதை நான் கேட்டாக வேண்டும். என் ஜாதகம் அப்படி.

விஷயம் இதுதான். போன வாரம் இங்கே ஐசியூவில் ஒரு பெரியவரின் இதயம் நின்றுவிட்டது. உள்ளே டாக்டர்கள் அவர் மார்பை அழுத்திப் போராடிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற மகனின் தோளில் ஒரு டிரைவர் கை வைத்து, “அப்பாவுக்கு வண்டி ரெடியா இருக்கு தம்பி, கண்ணாடி வச்ச வண்டி” என்றிருக்கிறான். அமரர் ஊர்தி. பத்தாவது நிமிடம் பெரியவரின் இதயம் மறுபடி துடித்தது. இப்போது அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு காப்பியில் சர்க்கரை பற்றவில்லை என்று சண்டை போடுகிறார். மகன் விடுவாரா? டாக்டருக்கே தெரியாத சாவு டிரைவருக்கு எப்படித் தெரிந்தது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். டிரைவர் ஆளே தலைமறைவு.

பிணத்துக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் பிணமாவதற்கு முன்னாலேயே வரிசையில் நிற்பவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

“ஐசியூ மானிட்டர்ல இருந்து நேரா அந்த வண்டிக் கம்பெனிக்கு ஒரு வழி போகுது,” என்றார் நிர்வாகி. “போலீஸ் பாக்கட்டும்னு அதை இன்னும் அடைக்கல. எழுதினது யாருன்னு கம்ப்யூட்டர் எல்லாத்தையும் இணைக்கிற ஸ்விட்சே சொல்லுது. எங்க நெட்வொர்க் இன்ஜினியர். எலி.”

“எலியா?”

“எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. எப்பப் பாத்தாலும் தரைக்கு அடியில கேபிளுக்குள்ள பூந்துகிட்டு இருப்பா. சாவை வித்துச் சாப்பிட்டிருக்கா, சனியன்.”

எலியை ஸ்விட்ச் அறைக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோரில் உட்கார வைத்து, வாசலில் வாட்ச்மேனை நிறுத்தியிருந்தார்கள். கால் உடைந்த கட்டில்கள், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், என்றோ யாரோ நனைத்து அப்படியே காய்ந்த வாடை. நடுவில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் இருபத்தாறு வயதுப் பெண். போனைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு கைகளிலும் கேபிள் கிழித்த கீறல்கள்.

“அந்த வரியை எழுதினது நீயா?” என்றாள் தங்கை.

“நான்தான்க்கா.”

நான் தங்கையைப் பார்த்தேன். “கேஸ் முடிஞ்சுது. கிளம்பலாமா?”

“இருநூத்திப் பன்னெண்டு வரியையும் நான்தான் எழுதினேன்,” என்றாள் எலி. “இந்தக் கட்டடத்துல மானிட்டர், எக்ஸ்ரே, லிஃப்ட் எல்லாம் பேசிக்கிறது கோர் ஸ்விட்ச் வழியாத்தான். எந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகணும்னு அதுலதான் வரி வரியா எழுதியிருக்கும். பழைய ஸ்விட்சுல இருந்ததை எல்லாம் போன மாசம் நான் புதுசுக்கு மாத்தினேன். புதுசுல வேற யார் பேர் இருக்கும்? வீடு மாறும்போது மூட்டை இறக்கினவனைப் பிடிச்சு, ‘இந்தச் சாமான் எல்லாம் நீ திருடினதா’ன்னு கேக்குறாங்க.”

“பழைய ஸ்விட்சுல முதல்ல எழுதினவங்க பேர் இருக்குமே?”

“வெளிய அனுப்புற ஸ்விட்சுல எதுவும் இல்லாமத் துடைச்சுத்தான் அனுப்பணும். விதி. துடைச்சேன்.”

“விதியைக் கடைப்பிடிச்ச குற்றம் வேற சேருது,” என்றேன்.

தங்கை என்னை முறைத்துவிட்டு, “அந்த வரி யாருக்குன்னு எழுதலையா?” என்றாள்.

“ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரு குறிப்பு இருக்கும். ரத்த வங்கி, சம்பளப் பிரிவு, இந்த மாதிரி. இதுக்கு மட்டும் நாலே இங்கிலீஷ் எழுத்து. டெம்ப்.”

“அப்படின்னா?”

“தற்காலிகம். எங்க தொழில்ல இது சகஜம்க்கா. எவனோ அவசரத்துக்கு எழுதுவான், அப்புறம் எடுக்கலாம்னு விட்டுட்டு வேலையை விட்டே போயிடுவான். இது ஏழு வருஷமா இருக்கு. எடுத்தா எது படுத்துக்குமோன்னு எவனும் கை வைக்க மாட்டான்.”

“நீ?”

“நான் வச்சேன். புதுசுக்கு மாத்தும்போது இந்த வரியை வேணும்னே விட்டேன். சொந்தக்காரன் தெரியலைன்னா நாங்க அப்படித்தான் செய்வோம். வழியை அடைச்சிட்டு, யார் கத்துறாங்கன்னு காத்திருப்போம். கத்துறவன்தான் சொந்தக்காரன். மூணு நாள் பாத்தேன். இதுக்கு ஒரு ஆள் கூடக் கத்தல.”

“அப்புறம் ஏன் திரும்ப எழுதின?”

“மத்த வரியில அங்கங்க கோளாறுன்னு பதினோரு புகார் வந்துச்சு. நிர்வாகி கொதிச்சுப் போய், ‘பழையபடி ஒரு வரி விடாம வை’ன்னு ஆர்டர் போட்டார். வச்சேன்.” அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். “ஜெயிலைக் கூட விடுங்கக்கா. நாளைக்கு எவன் என்னை ஒரு ஸ்விட்ச் பக்கம் அண்ட விடுவான்? சாகப் போறவங்களை வித்தவன்னு சொல்வாங்க. எங்க வீட்டுல எப்படி இந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?”

தங்கை உடைந்த கட்டிலின் கம்பியைச் சுண்டிக்கொண்டே நின்றாள். “அண்ணா, உனக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தா, நர்ஸ் உன் சார்ட்டுல முதல்ல என்ன எழுதுவாங்க?”

“‘நடிக்கிறான்’னு.”

“டெம்ப்னு எழுதிப் பக்கத்துல நம்பர் போடுவாங்க. டெம்பரேச்சர்.”

எலி வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“உங்க ஆளுங்களுக்குத்தான் டெம்ப்னா தற்காலிகம்,” என்றாள் தங்கை. “இந்தக் கட்டடத்துல மத்த எல்லாருக்கும் அது சூடு. ஏழு வருஷமா நெட்வொர்க்காரங்க அத்தனை பேரும் தங்களோட பாஷையிலயே படிச்சிருக்கீங்க. சொல்லு, இங்க எதெதுக்கெல்லாம் சூடு பாப்பாங்க?”

“ரத்த வங்கி ஃப்ரிட்ஜ், மருந்து ஃப்ரிட்ஜ். ஆனா ரெண்டுக்கும் தனி வரி இருக்கு. ரெண்டு பேரும் முதல் நாளே கத்தினாங்க.”

“ஜில்லுன்னு இன்னொரு இடம் இருக்கு,” என்றேன். அதைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிணவறைக்காரர் எங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். தரை முழுக்க ஃபினைல் தேங்கியிருந்தது. என் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அவர் ஃப்ரீசரின் மேல் அறையைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

“குடிங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. நல்லா ஜில்லுன்னு இருக்கும்.”

கீழ் அறையில் ஒரு பாதம் தெரிந்தது. வாழ்க்கையில் இனி தண்ணீரே குடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

தங்கை ஃப்ரீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். பழுது பார்க்க என்று ஒரு போன் நம்பர். வக்கீல் நோட்டீஸோடு வந்திருந்த புகைப்படத்தைப் பையிலிருந்து எடுத்தாள். அந்தக் கண்ணாடி வண்டியின் கதவில் எழுதியிருந்ததும் அதே நம்பர்.

“ரெண்டும் ஒரே முதலாளிதாம்மா,” என்றார் பிணவறைக்காரர். “உள்ள வைக்கிற பெட்டியும் அவங்களது, வெளிய கொண்டு போற வண்டியும் அவங்களது. இந்தப் பெட்டி சூடாச்சுன்னா அவங்க ஆபீஸ்ல மணி அடிக்கும். ஆள் வந்து சரி பண்ணுவான்.”

“வண்டி எப்படி, நேரத்துக்கு வருமா?”

“அதுல குறையே சொல்ல முடியாது. உடம்பு இங்க வர்றதுக்கு முன்னாடி வண்டி வாசல்ல நிக்கும். போன மாசம் மட்டும் ஒரு மூணு நாள் ஆளையே காணோம். நானே போன் பண்ணிக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.”

எந்த மூன்று நாள் என்று தங்கை கேட்டாள். எலி வழியை அடைத்திருந்த அதே மூன்று நாள்.

வெளியே வந்ததும் நான் மூச்சு விட்டேன். “சரி, வழி பெட்டிக்காகப் போட்டது. அதுல ஐசியூ எப்படி ஏறுச்சு?”

ஸ்டோருக்குத் திரும்பி எலியிடமே கேட்டோம். அவள் வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு வீட்டு நம்பர் எழுத வேண்டிய இடத்துல தெரு முழுசையும் எழுதியிருக்காங்கக்கா. ஃப்ரீசரும் ஐசியூவும் ஒரே தெரு. யார் வீட்டுல என்ன துடிக்குது, எது நிக்குது, எல்லாம் அவங்க ஆபீஸ் திரையில தெரியும்.”

“தெருவையே கேட்டு வாங்கின ஆள் உள்ளதான் இருக்கான்,” என்றாள் தங்கை. “வெளியில இருக்கிறவன் படுக்கை நம்பரை வச்சு நாக்கு வழிக்கவா முடியும்? எந்தப் படுக்கைக்கு எந்தச் சொந்தம், யார்கிட்டப் பேசினா காரியம் ஆகும்னு சொல்ல உள்ள ஒரு ஆள் வேணும்.”

அந்தப் பதினோரு புகார்களின் நகலை நிர்வாகியின் கிளார்க்கிடமிருந்து வாங்கிவந்திருந்தோம். தங்கை அவற்றைக் கட்டில் மேல் பரப்பினாள்.

“மூணு நாள் யாரும் கத்தலைன்னு எலி சொல்றா. எனக்கென்னவோ கத்தியிருக்கான்னுதான் தோணுது. வலிச்ச இடத்தைக் காட்ட முடியாம, வேற இடத்தைக் காட்டிக் கத்தியிருப்பான். படி அண்ணா.”

படித்தேன். லிஃப்டில் மாடி எண் தெரியவில்லை, சரிசெய்யவும். ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் தெரியவில்லை, சரிசெய்யவும். இப்படியே பத்து. பதினோராவது, ஆறுதல் பிரிவு. ப்ரின்டர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை, தயவுசெய்து எல்லாவற்றையும் பழையபடியே வைக்கவும்.

“பத்து பேர் ‘என்னோடதைச் சரி பண்ணு’ங்கிறான்,” என்றாள். “ஒருத்தர் மட்டும் ‘எல்லாத்தையும்’ங்கிறார். ஊருக்காக உருகுறார் பாரு. நீ போய் அந்த ப்ரின்டரைப் பாத்துட்டு வா. நான் அவர் கண்ணுல படக் கூடாது.”

ஆறுதல் பிரிவு என்பது தரைத் தளத்தில் ஒரே ஓர் அறை, ஒரே ஓர் அதிகாரி. யாராவது இறந்தால் சொந்தக்காரர்களைத் தேற்றுவது அவருக்கு உத்தியோகம். ஆறுதல் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கைக்குட்டையிலிருந்து ரோஜா சென்ட் குப்பென்று அடித்தது.

“யாரைத் தொலைச்சீங்க தம்பி?”

“குடையை சார்.”

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. “சின்னப் பொருள்தான், ஆனா மனசு கேக்காது. பேனா வேணுமா? ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க.”

“ப்ரின்ட் பண்ணின ஃபாரம் இருந்தா நல்லா இருக்கும். ஓடுதா இது?”

“இப்ப ஓடுது. போன மாசம் நெட்வொர்க்கை மாத்துறேன்னு அந்தப் பொண்ணு போட்டுக் குழப்பி, ரெண்டு நாள் படுத்துடுச்சு. பாவம், சின்னப் பொண்ணு. இன்னிக்கு இந்த நிலைமை. நினைச்சா அழுகையா வருது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது. நான் ப்ரின்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கரண்ட் வயரைத் தவிர ஒரு சின்னக் கேபிள், அது நேராக அவருடைய கம்ப்யூட்டரின் முதுகில் போய்ச் செருகியிருந்தது. வேறு எந்த வயரும் இல்லை. வெளியே வந்து கையைக் குழாயில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ரோஜா போகவில்லை.

“அப்படின்னா ஸ்விட்சையே தூக்கிக் கிணத்துல போட்டாலும் அந்த ப்ரின்டர் ஓடும்,” என்றாள் எலி, நான் ஸ்டோருக்குத் திரும்பி வந்து சொன்னதும்.

மணி மூன்று. தங்கை ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், கால் உடைந்த ஒரு கட்டிலின் மேல் ஒரு மானிட்டர் இருந்தது. அதில் ஒன்பது என்று எண் ஒட்டியிருந்தது.

“இது ஐசியூ ஒன்பதாம் படுக்கை,” என்றாள் எலி. “கட்டில் உடைஞ்சதால ஒரு மாசமா இங்க கிடக்கு. ஐசியூவுல இப்ப ஒன்பதுன்னு படுக்கையே கிடையாது. மானிட்டர் நல்லாத்தான் இருக்கு.”

“இதை இங்கயே ஓட்ட முடியுமா?”

“இந்தச் சுவத்துல இருக்கிற பாயின்ட்டும் அதே தெருதான்க்கா.”

தங்கை ஹெட் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது என்று அலாரம் வந்தால் பதற வேண்டாம், அணைத்துவிடுங்கள், யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றாள். ஹெட் நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். பிறகு தங்கை என் பக்கம் திரும்பினாள்.

“சட்டையைக் கழட்டு. அந்த மெத்தையில படு.”

“இந்த மெத்தையிலயா? படுத்தா நிஜமாவே செத்துடுவேன்.”

“அஞ்சு நிமிஷம் உயிரோட இரு. அப்புறம் செத்துப் போ.”

“இதுக்குத் தனிப் படி உண்டா?”

எலி என் மார்பில் கிளிப்புகளை மாட்டினாள். திரையில் பச்சைக் கோடு குதித்தது. தங்கை போய்விட்டாள். நான் அந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் கிடந்தேன். எலி கடிகாரத்தைப் பார்த்துக் கிளிப்புகளைப் பிடுங்கினாள். கோடு படுத்துவிட்டது. வாட்ச்மேனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மூன்று பேரும் ஐசியூ தாழ்வாரத்தின் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம்.

தங்கை தாழ்வாரத்து நாற்காலியில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த போன் நிர்வாகியின் மேஜை ஸ்பீக்கரோடு பேச்சில் இருந்தது. எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஐசியூ. நாலாம் படுக்கையில் ஒரு பாட்டியம்மாவுக்கு மகள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சதையோடு வெட்டுகிறாள் என்று பாட்டியம்மா கையை உதறுவது தெரிந்தது.

மூன்றாவது நிமிடம் ரோஜா வாசனை வந்தது. பின்னால் ஆறுதல் சார் வந்தார். நேராக என் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“நீங்க ஒன்பதுக்கு என்ன வேணும்மா?”

“தங்கச்சி. அண்ணனுக்கு எப்படி சார் இருக்கு? டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“மனசைத் தேத்திக்கோங்க. தங்கமான மனுஷன். கஷ்டப்படாமப் போயிட்டார்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பக்கத்துலயே இருந்தேன்மா. ‘தங்கச்சியைப் பாத்துக்குங்க’ன்னு என் கையைப் பிடிச்சுகிட்டுத்தான் கண்ணை மூடினார்.” கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டார். “இந்த நேரத்துல இதைச் சொல்லக் கூடாது. ஆனா வண்டி, பெட்டி எதுக்கும் நீங்க அலைய வேண்டாம். தெரிஞ்ச இடம் இருக்கு. கீழேயே நிக்குது.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சட்டைப் பட்டன் போடாமலே வெளியே வந்தேன்.

“சாகும்போது நான் அப்படியெல்லாம் பேசின ஞாபகம் இல்லையே சார். இவளைப் பத்தி நல்லதா வேற சொன்னேனா?”

ஆறுதல் சார் என்னைப் பார்த்தார். குடையைத் தேடி வந்தவனை அடையாளம் தெரிந்தது. முகத்தில் இருந்த இரக்கம் அப்படியே வழிந்து காணாமல் போயிற்று.

“ஐசியூவுல ஒன்பதாம் படுக்கையே கிடையாது,” என்றாள் தங்கை, கையை உதறி முக்காட்டை எடுத்தபடி. “ஒன்பதுல இதயம் நின்னது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். மானிட்டருக்கும், அந்த வரிக்கும். உங்களுக்கு யார் சார் சொன்னது?”

அவர் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுப்பதற்குள் வாட்ச்மேன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இரண்டு மாதத்துக்கு முன் இதே தாழ்வாரத்தில் இந்தக் கைக்குட்டைதான் அவன் அம்மாவுக்காகவும் அழுததாம். அதை அவன் பிறகுதான் சொன்னான். திரையில் அனுப்பியவர் பெயர் மச்சான் என்று இருந்தது. வண்டிக் கம்பெனி முதலாளி ஆறுதல் சாரின் மனைவியுடைய கூடப் பிறந்த அண்ணன்.

“போன வாரம் ஒரு நாள் சார் லீவுன்னு ஹெட் நர்ஸ் சொன்னாங்க. அன்னிக்குத்தான் டிரைவர் தானே மேல வந்து மாட்டிக்கிட்டான்,” என்றாள் தங்கை. “சார் இருந்தா இவ்வளவு பக்குவமா முடிஞ்சிருக்கும்.”

நிர்வாகி மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் போனில் இருந்த செய்திகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிச் செய்தி, ஒன்பது என்ன ஆச்சு. அதற்கு முந்தியது, ஒன்பது நின்னுடுச்சு, சீக்கிரம் போ. அதற்கு மேலே இன்று காலையில் வந்தவை. நாலு, சாயங்காலம். ஆறு, நாளைக்குள்ள. இரண்டு, இன்னும் தாங்கும்.

கண்ணாடிக்கு அப்பால் நாலாம் படுக்கைப் பாட்டியம்மா மற்றக் கையை நீட்டியிருந்தார். ஒரு மனிதனைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

“நான் யாரையும் கொல்லலையே சார்,” என்றார் ஆறுதல் சார். “அழறவங்களுக்கு ஒரு வண்டி பிடிச்சுக் குடுத்தேன். இது உதவி சார்.”

நிர்வாகி அவரைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் எலியின் தோளைத் தட்டினார்.

“எலி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதேம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. இவரை நான் ராஜினாமா பண்ண வச்சிடுறேன். வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேர் நாறிடும். புரியுதில்ல?”

சொல்லிக்கொண்டே பையிலிருந்த அந்த டைப் அடித்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். சற்றுமுன் அவளைச் சனியன் என்ற வாய். இவருக்கும் அந்தக் கைக்குட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. எலி கிழிந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. வேலை, பேர், வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு முகம்.

சரியாக நாலு மணிக்கு லிஃப்ட் திறந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

“புகார் குடுக்கிறது யாரு?”

“ஒரு சின்னத் தவறான புரிதல் சார்,” என்றார் நிர்வாகி. “புகார் எல்லாம் ஒண்ணும் இல்ல. காப்பி சாப்பிடுறீங்களா?”

“நான் குடுக்கிறேன்,” என்றாள் எலி.

நிர்வாகி அவள் காதருகே குனிந்தார். “வேலை வேணுமா, வேண்டாமா?”

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்றாள். என் தங்கை பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஆறுதல் சாரையும், அவர் கையைப் பிடித்திருந்த வாட்ச்மேனையும், பட்டன் போடாத என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னன்னு எழுதுறதும்மா? திருட்டா, மோசடியா?”

“உயிரோட இருக்கிறவங்களுக்குப் பிண வண்டி பிடிச்சாங்கன்னு எழுதுங்க சார்.”